கிரேன் ரயில் வந்த நாள்

உதட்டருகே கொண்டுபோன கரண்டியைப் பதுர்தீன் கையால் விலக்கினார்.

"தண்ணி இருக்கட்டும் மகள். அந்தப் பொட்டிய எடு."

அலுமாரிக்கு மேலிருந்த கமராவைத்தான் சொல்கிறார் என்று ஜெஸீமாவுக்குத் தெரிந்தது. விடிந்ததிலிருந்து பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே பேச்சாக இருந்தார்கள். மாத்தளைக்குப் போகும் வழியில் மண் சரிந்து சரக்கு வண்டி தடம் புரண்டு கிடக்கிறதாம். அதைத் தூக்கக் கொழும்பிலிருந்து கிரேன் ரயில் வருகிறதாம். இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் கைவிட்ட மனிதரின் காதில் வேறெதுவும் ஏறவில்லை. இது மட்டும் ஏறியிருந்தது.

உக்குவளையில் தையல் கடை வைத்திருந்தவர். தினமும் போய்வரும் ரயிலை ஏறிட்டும் பார்க்கமாட்டார். ஊதல் சத்தம் கொஞ்சம் மாறிக் கேட்டால் போதும், வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க ஓடுவார். யானை ஏற்றிய பெட்டி, முதுகோடு முதுகாகப் பூட்டிய இரண்டு எஞ்சின், தண்டவாளத்தில் ஓடிய மோட்டார் கார் என்று ஒரு பிஸ்கட் டின் நிறையப் படங்கள் சேர்ந்திருந்தன. ஜெஸீமாவின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோதும் பெண்ணின் வாப்பா ஏதோ ஒரு ரயிலைப் படம் பிடிக்க ரயில் பாலத்தடியில்தான் நின்றார். நாவுலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் ஆறு வருடமாகியும் அது அவளுக்கு ஆறவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் நீட்டும் படங்களை அவள் ஒரு நாளும் கையில் வாங்கியதில்லை.

"கிரேன மட்டும் இன்னும் புடிக்கல்ல. நீ போய் ஒன்னு எடுத்துட்டு வா மகள்."

அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போ என்று தலையசைத்தாள்.

முக்காட்டுக்குள் கமராவை மறைத்துக்கொண்டு பாலத்தடியில் அரை மணி நேரம் நின்றாள். கொக்கோ மரங்களுக்கு ஊடே தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது. அப்போது கீழ் ரோட்டில் வாப்பாவின் தம்பி சாலிஹ் சாச்சா, கடைசி நேரத்தில் ஓத லெப்பையைக் கூட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் விரைவது தெரிந்தது. திரும்பி ஓடினாள்.

வாப்பா உயிரோடுதான் இருந்தார். தலைமாட்டில் லெப்பை யாசீன் ஓதத் தொடங்கியிருந்தார். வாப்பாவின் கண் வாசலிலேயே இருந்தது.

"எடுத்தியா?"

மூச்சிரைக்க நின்றவளுக்கு, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"எடுத்தேன் வாப்பா."

"கிரேன் எஞ்சினுக்கு முன்னுக்கா, பின்னுக்கா?"

"முன்னுக்கு."

"கழுத்து எந்தப் பக்கம் பாத்திச்சி?"

"நம்ம... நம்ம ஊட்டுப் பக்கம்."

"வெளிச்சம்?"

"நல்ல வெயில் வாப்பா."

அப்போதுதான் அது கேட்டது. மலைத் திருப்பத்தில் நீளமாக ஓர் ஊதல். பின்னாலேயே கனத்த சக்கரங்கள் மெதுவாக, மிக மெதுவாக வந்தன. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. லெப்பையின் குரல் அந்தச் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோனது. சாச்சா அவளையும் அவள் கையிலிருந்த கமராவையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெஸீமா தலையைத் தூக்கவில்லை.

சத்தம் தேய்ந்து ஓயும்வரை பதுர்தீன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலைத் தடவி அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"இது வேற ரயில் மகள்."

"ஓ வாப்பா, வேற ரயில்தான்," என்றாள்.

நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன்னமே மூச்சு அடங்கிவிட்டது. மாலை அஸர் தொழுகைக்கு ஜனாஸாவைத் தூக்கினார்கள். தூக்கிப் போனவர்களின் கலிமாச் சத்தம் சந்தி திரும்பி மறைந்த பிறகு, பக்கத்து வீட்டு மஸீனா ஜெஸீமாவின் தோளைத் தொட்டுக் கேட்டாள்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

ஜெஸீமா உம்மாவைப் பார்த்தாள்.

"மகளோட பேசிட்டிருந்தாரு," என்றாள் உம்மா.

பெண்கள் அறையைக் கழுவி, பாய்களைச் சுருட்டினார்கள். வாப்பாவின் தலையணையை யாரோ வேலியில் காயப் போட்டிருந்தார்கள். தூறல் விழத் தொடங்கியது. எடுக்க ஒருவரும் எழவில்லை. ஜெஸீமா வாசற்படியில் உட்கார்ந்து, அது நனைந்து நனைந்து கனத்து, வேலிக் கம்பு மெல்ல வளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.