டெமோவில் பாடியவர்

நாத்தனாரிடம் உதவி கேட்பது எந்த அண்ணிக்கும் லேசான காரியம் இல்லை. அந்த நாத்தனார் இசை நிறுவனத்தில் பாட்டுகளுக்கெல்லாம் அட்டவணை போடுகிறவளாகவும், அலுவலகமே 'கறார்' என்று கூப்பிடுகிறவளாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இருந்தும் அண்ணி கேட்டுவிட்டாள். ஒரு பாடகர் குழு ஆள் எடுக்கிறதாம். பாடிய பாட்டு ஒன்றைப் பெயரோடு காட்டச் சொல்கிறார்களாம்.

"உங்க அட்டவணையில என் பேரைத் தேடினேன். ஒண்ணுமே வரலை."

"வராது அண்ணி. நீங்க பாடினதெல்லாம் டெமோ."

அதுதான் அண்ணியின் பிழைப்பு. மெட்டுப் போட்டதும் இசையமைப்பாளர்கள் அவளை அழைத்து முதலில் பாடவைப்பார்கள். அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பெரிய பாடகி பாடுவார். அத்தோடு அண்ணியின் குரலை எடுத்துவிடுவார்கள். அட்டவணையில் டெமோவுக்குத் தனி இடம் கிடையாது. வெளிவந்த பாட்டுக்கு அடியில் 'மாதிரி' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். பாடியவர் பெயர் இருக்காது, வெளியாட்கள் கண்ணிலும் படாது.

"கறிவேப்பிலை மாதிரின்னு சொல்லு," என்றாள் அண்ணி.

"வீட்டு ஆளுக்காக விதியை மாத்த முடியாது அண்ணி."

சொன்ன பிறகு கறாருக்கே வாய் கசந்தது. அண்ணி குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் வேலையில் ஒரு டெமோ வந்தது. அந்த வருடம் எல்லார் வாயிலும் இருந்த பாட்டு, அண்ணியின் குரலில். மூன்றாவது வரியின் நடுவே ஒரு சின்ன நிறுத்தம் வரும். கேட்பவர்கள் அங்கேதான் உருகுவார்கள். மேலாளரின் செல்போன் மணியே அந்தப் பாட்டுதான். அந்த இடம் வரும்வரை மனிதர் போனை எடுக்கவே மாட்டார்.

டெமோவிலும் அதே நிறுத்தம் இருந்தது, கூடவே ஏதோ ஒரு சத்தமும். கறார் ஒலியைக் கூட்டிக் கேட்டாள். காகிதம் திருப்புகிற சரசரப்பு! வரி முடிவதற்குள் தாள் முடிந்துவிட்டது. அண்ணி திருப்பிவிட்டுப் பாடியிருக்கிறாள். பெரிய பாடகி அதையும் பாட்டென்றே எடுத்துக்கொண்டு அச்சு அசலாகப் பாடிவிட்டார். உலகமே உருகியது தாள் திருப்பியதற்குத்தான்.

கறாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் கோபம் வந்தது, முதலில் தன்மேல்தான். இதில் எது அசல், எது நகல்? இதற்குப் போய் 'மாதிரி' என்று பெயர் ஒட்டி, பாடியவளை மறைத்து வைத்திருக்கிறோமே!

மேலாளரிடம் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, டெமோவில் பாடியது தன் அண்ணி என்றும் சொன்னாள்.

"அடக் கடவுளே, இவ்வளவு நாள் நான் காத்திருந்தது காகிதத்துக்கா!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரிம்மா, ஆனா உங்க அண்ணிக்கு மட்டும் எப்படிப் பேர் போடறது?"

"அவங்களுக்கு மட்டும் வேண்டாம் சார். எல்லா டெமோவும் தனிப் பதிவா இருக்கட்டும். தனி எண், பாடினவங்க பேர். வெளிவந்த பாட்டுக்குப் பக்கத்துல வைப்போம், அடியில போட்டு அமுக்க வேண்டாம். அண்ணியோடதை வேற ஆள் சரிபார்க்கட்டும்."

"பெரிய பாடகியம்மா கோவிச்சுக்கிட்டா?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

மேலாளர் பயந்துகொண்டே பெரிய பாடகிக்குப் போன் போட்டார். அவர் சொன்னது பக்கத்தில் நின்ற கறாருக்கும் கேட்டது. "அந்த நிறுத்தம் எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாதா சார்? முதல்ல அந்தப் பொண்ணு பேரைப் போடுங்க."

பதிவு ஏறிய அன்று அண்ணி அலுவலகத்துக்கு வந்தாள். திரையில் தன் பெயரைப் பார்த்தாள். நம்பாமல் விரலால் தொட்டும் பார்த்தாள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். கழற்றும்போது முகம் கவலையாக இருந்தது.

"சரணத்துல ஒரு இடத்துல சுருதி லேசா இறங்குது. இன்னொரு தடவை பாடிக் கொடுத்துடட்டுமா? அப்புறம் பாடப்போறவங்களுக்குக் கஷ்டமாயிடும்."

கறார் திரையில் இருந்த பெயரை மறுபடியும் காட்டினாள்.

"இதைக் கேட்டு வேற யாரும் பாடப்போறதில்ல அண்ணி. இது உங்க பாட்டு."

அண்ணி மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.