சொந்தமா, கூலியா

நானுஓயாவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார், எழுந்து புறப்படும் நேரத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

"பொரி எடுத்துக் கொடுக்கப் பொண்ணோட அண்ணன் வந்துடுவார்தானே? எங்க பக்கத்துல அது ரொம்பப் பார்ப்பாங்க."

"வராமல் என்ன?" என்றேன்.

மகனோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை என்பதை வாசலில் நின்று சொல்ல முடியுமா? பூண்டுலோயாவில் எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் சொல்வது என் தாத்தாவை. அவர் பெரிய கங்காணி. அவருக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் முந்நூறு கூலிகள் இருந்தார்கள். அதே தோட்டத்து ஆபீசில் நான் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் டவுனுக்குப் போவதென்றால் கோட்டு இல்லாமல் படி இறங்கமாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் தங்கையின் மணவறையில் அண்ணன் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்பார்கள். கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

மகன் ஜெயகாந்தன் வத்தளையில் இருக்கிறான். தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில், கூலிகளின் லயத்தில் வளர்ந்த சுதர்ஷினி என்ற பெண்ணை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அன்றைக்கே இந்த வீட்டுக்குள் வராதே என்று சொன்னேன். அவன் வரவில்லை. அந்தப் பெண்ணை மருமகள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பெயரைக்கூடச் சொன்னதில்லை.

மகள் ஜெயந்தினியை அவனோடு பேசச் சொன்னேன். பேசிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்பாவே கேட்டா வர்றாராம். ஆனா போன்ல பேசமாட்டாராம்."

"வேறு எப்படிப் பேசுவதாம்? தபாலிலா?"

"அவர் விளையாடுற கேம் இருக்கே, அதுக்குள்ள வரணுமாம். எதைச் சாக்கடைன்னு சொல்லி நீங்க கொம்பியூட்டரைத் தூக்கி முற்றத்துல போட்டீங்களோ, அங்க வந்து கேக்கணுமாம்."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி மீனம்மா சிரித்தாள். சத்தமாகத்தான் சிரித்தாள்.

"அப்பனுக்குப் புள்ள தப்பாமப் பொறந்திருக்கு" என்றாள்.

அந்த விளையாட்டு இருபது வருடத்துக்கு முந்தியது. அதற்குள் மலை, காடு, கோட்டை, சந்தை எல்லாம் இருக்கிறது. நேரே போய் நுழைந்துவிடவும் முடியாது. முதலில் எந்த சர்வரில் சேர்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெயந்தினி லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினாள்.

"ஒரே கேம்தான்ப்பா. ஆனா தனித்தனி உலகம். ஒண்ணுல இருக்கிறவங்க மத்ததுல இருக்கிறவங்களைப் பார்க்க முடியாது."

"ஒரே கம்பனி, வேறு வேறு தோட்டம்."

"அதேதான். அண்ணா எதுல இருக்காருன்னு கேட்டுச் சொல்றேன், கொஞ்சம் இருங்க."

ஒரு தோட்டத்தைப் பார்த்து அதில் யார் எங்கே இருப்பார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உச்சியில் துரை பங்களா. அதற்குக் கீழே ஸ்டாப் குவாட்டர்ஸ். அதற்கும் கீழே, பள்ளத்தில், லயங்கள். திரையிலும் ஏழு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. என் மகன் எத்தனை கெட்டாலும் கங்காணி வீட்டுப் பிள்ளை. மேலேதான் இருப்பான். அவள் போனோடு முன்அறைக்குப் போயிருந்த நேரத்தில் உச்சியில் இருந்ததை நானே அமுக்கினேன்.

பெயர் கேட்டது. என் முழுப்பெயரைக் கொடுத்தேன், நீளம் என்றது. குடும்பப் பெயரான சோலைமலையை மட்டும் கொடுத்தேன். அந்தப் பெயர் வேறொருவரிடம் இருக்கிறது, பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. காலையில் கூலிகளை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்களத்தில் எண் போட்டுக் கூப்பிடுவதுபோல! எங்கள் வீட்டில் யாருக்கும் எண் கிடையாது. தாத்தாவை ஊர் அழைத்தபடி கங்காணியார் என்று அடித்தேன். அதை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது.

பிறகு நான் உள்ளே நின்றேன். இடுப்பில் ஒரு கந்தல். வேறு துணி இல்லை. எலும்பு துருத்திய மார்பு, வெறுங்கால், கையில் ஒரு தடி. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். வெட்டவெளியில், நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவில், அறுபத்தொன்பது வயதில் என்னை அம்மணமாக்கி நிறுத்தியதுபோல இருந்தது.

அந்த இடம் இருந்த இருப்பு! ஒருத்தன் காசு கேட்டுக் காலில் விழுந்து எழும்புகிறான். ஒருத்தி உடம்பில் பாதி துணிகூட இல்லாமல் கல்லின்மேல் ஏறி ஆடுகிறாள். அவளும் பெண்தானா என்பது அவளைப் பெற்றவர்களுக்கே வெளிச்சம். நாலு பேர் சேர்ந்து ஒரு பெருச்சாளியை அடித்துக்கொல்கிறார்கள். அது செத்ததும் அதன் வாலுக்காகச் சண்டை. தமிழ் ஆட்களும் இருந்தார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொலை செய்துகொண்டிருந்தார்கள்.

"டேய் கங்காணி, வழிய விட்றா" என்று ஒருவன் எழுதினான்.

என்னை, டேய்!

"பெருசு புதுசு போல. பெருசு, எலி அடிக்க வர்றியா? வாலு உனக்கு" என்றான் இன்னொருவன். முதலாமவன் கையில் இருந்த எதையோ கொண்டு என் மண்டையில் அடித்தான். நான் செத்துப் போனேன். செத்த பிறகும் அவன் என்மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தான்.

"அய்யோ, எதுக்குள்ளப்பா போனீங்க?" என்று ஓடி வந்தாள் ஜெயந்தினி. "இது புது சர்வர். யாரு வேணும்னாலும் வரலாம். ரவுடிக் கூட்டம் எல்லாம் இங்கதான். அண்ணா இருக்கிறது எல்லாத்துக்கும் அடியில பாருங்க, அதுதான் பழசு."

அடியில் இருந்ததை அமுக்கினோம். திறக்கவில்லை. அது நிறைந்துவிட்டது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் ஓர் அழைப்பு எண் கொடுத்தால் மட்டும்தான் புதியவருக்கு இடம் என்று வந்தது. ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்கலாமாம். அதுவும் ஒரு தடவை தவறிப்போனால் போனதுதான்.

"உன் அண்ணனையே கொடுக்கச் சொல்."

"கேட்டேன். மாட்டாராம். வர்ற ஆள் தானாப் பார்த்துக்கணுமாம். அங்க நமக்குத் தெரிஞ்ச இன்னொரு ஆள் இருக்காங்கதான்." அவள் இழுத்தாள். "அண்ணி."

"வேண்டாம்."

"அப்ப பொரிக்கு யாரு?" என்றாள் மீனம்மா சமையலறையிலிருந்து. "நீங்களே போட்டுக்கங்க. கோட்டுப் போட்டுக்கிட்டு."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஜெயந்தினி அண்ணிக்குப் போன் போட்டு மேசையில் வைத்தாள். சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"ஜெயா, மாமா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க அண்ணி. பேசமாட்டாங்க. கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"சும்மா ஒரு தடவை செருமச் சொல்லு. ஆள் இருக்காங்கன்னாவது தெரியட்டும்."

நான் செருமவில்லை. தொண்டை அரித்தது, அடக்கிக்கொண்டேன்.

"அழைப்பு எண் வேணுமாம்" என்றாள் ஜெயந்தினி.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"எங்க பூட்டி காளியாயி கதை உனக்குத் தெரியுமா ஜெயா? அவங்க தங்கச்சி பட்டிப்பொல பக்கம் ஒரு தோட்டத்துல இருந்துச்சு. அங்க போயிடணும்னு உங்க பெரிய கங்காணிகிட்டத் துண்டு கேட்டாங்களாம். மழையில, வாசல்ல நின்னு. கடைசி வரைக்கும் கெடைக்கல."

ஜெயந்தினி என்னைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் தோட்டம் மாற நினைத்தால், இருந்த தோட்டத்தின் கங்காணி துண்டு கொடுக்க வேண்டும். துண்டு இல்லாமல் போனவரை அடுத்த தோட்டத்தில் பேர் பதியமாட்டார்கள். கொடுப்பதும் மறுப்பதும் கங்காணியின் உரிமை. என் தாத்தா தன் உரிமைப்படி நடந்தார். அதைப் போனில் வைத்து, என் வீட்டு மேசையில் வைத்து, ஒரு பெண் சிரித்துச் சொல்கிறாள்.

"கேட்ட உடனே நான் குடுக்கிறேன்னு மாமாகிட்டச் சொல்லு" என்றாள் அவள். "எழுதிக்க." எண்களைச் சொன்னாள்.

பதிலுக்கு அவள் ஏதாவது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவள் எதையும் கேட்கவில்லை. சும்மா கொடுப்பதை வாங்குவதைப்போல அருவருப்பு வேறு இல்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஒரு மாசத்துக்கு மாமா பேருக்குக் கீழ என் பேர் வரும். நான் எழுதல, அது தானா வரும். கோவிச்சுக்க வேணாம்."

மறுநாள் மாலை பழைய சர்வருக்குள் போனேன். அதே கந்தல், அதே எலும்புகள், அதே தடி. தலைக்கு மேல் இரண்டு வரிகள் மிதந்தன. மேலே, கங்காணியார். அதன் கீழே, சுதர்ஷினியின் ஆள்.

சோலைமலைக் குடும்பத்தின் ஆள் என்று ஊரே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. நாங்கள் யாருடைய ஆளும் இல்லை. நான் லெப்டொப்பின் மூடியைப் பாதி சாய்த்துவிட்டேன். ஜெயந்தினி அதை மறுபடி நிமிர்த்தினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

இங்கே கூட்டம் குறைவு. யாரும் மண்டையில் அடிக்கவில்லை. ஒரு சதுப்பைக் கடந்து போக வேண்டியிருந்தது. முழங்கால் வரை பச்சைச் சேறு, அதில் குமிழி குமிழியாக ஏதோ வெடித்துக்கொண்டிருந்தது. இதற்குள் உட்கார்ந்து வாழ்க்கையைக் கழிக்கத்தானா இவனைக் கான்வென்டில் படிக்க வைத்தேன்? சேற்றுக்கு அப்பால் ஒரு மதில். மதிலுக்குள் மகனும் அவன் கூட்டமும் இருந்தார்கள். வாசலில் லோஜன் என்று பெயர் போட்ட ஒருவன் கவசத்தோடு நின்றான்.

"நில்லுங்க பெரியவரே. யாரோட ஆள்?"

தலைக்கு மேல் எழுதியிருப்பது இவனுக்குத் தெரியவில்லையா?

"சுதா அக்கா ஆள்னு போட்டிருக்கு. ஆனா பேர் கங்காணியார்ங்குது. கங்காணி எப்பய்யா இன்னொருத்தருக்கு ஆளானாரு?"

உள்ளே பத்துப் பதினைந்து பேர் சிரிப்பது வரிவரியாக ஓடியது.

"வாசல் சட்டம் ஒண்ணு இருக்கு" என்று லோஜன் எழுதினான். "காசு குடுத்துக் கூலிக்கு ஆள் பிடிச்சு அனுப்புவாங்க, நம்ம சாமானைத் திருட. அதனால எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். சொந்தமா, கூலியா? சொந்தம்னா என்ன முறைன்னு சொல்லிட்டு உள்ள போங்க. கூலின்னா வெளிய அந்தக் கொட்டகையில நிக்கணும். சொல்லலைன்னா துரத்திடுவேன், அதோட எண் செத்துடும்."

மதிலுக்கு உள்பக்கம், வெள்ளிக் கவசம் போட்ட ஓர் உருவம் கொஞ்சம் தள்ளி நின்றது. ஜெயகாந்தன் என்று பெயர். அது அசையவில்லை. அதன் பக்கத்தில் பச்சை அங்கி போட்ட ஒரு பெண் உருவம் நின்றது. அதுவும் அசையவில்லை. அவள் பேசி என்னைக் காப்பாற்றிவிடலாம். பேசவில்லை. அவன்தான் தடுத்திருப்பான். அல்லது இது நானே சொல்ல வேண்டியது என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

"அப்பா" என்றாள் ஜெயந்தினி. "ஏதாவது சொல்லுங்க."

கூலி. அந்தக் கொட்டகையைப் பார்த்தேன். கந்தல் கட்டிய நாலைந்து உருவங்கள் அதற்குள் சுவரைப் பார்த்தபடி நின்றன. என் தாத்தாவின் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு அவர்களோடு போய் நிற்பதா? இந்தச் சிரிப்புக் கூட்டத்துக்கு முன்னால், அவளுடைய கூலி என்று? வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுதான் இருந்தது. மூன்று வருடமாகச் சொல்லாதது.

ஜெயந்தினியின் கையை ஒதுக்கிவிட்டு, ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாக நானே அடித்தேன். தமிழ் எழுத்து அங்கே வராதாம். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் அந்த அசிங்கத்தையும் செய்தேன்.

"கூலி இல்லை. நான் சுதர்ஷினியின் மாமனார்."

சிரித்துக்கொண்டிருந்த வரிகள் நின்றன. பிறகு லோஜன் வாசலைவிட்டு விலகி, முழங்காலில் இருந்தான்.

"மன்னிச்சுக்கங்க மாமா. தெரியாமப் பேசிட்டேன்."

வெள்ளிக் கவசம் ஓடி வந்தது. வந்து என் முன்னால் நின்றது. அதற்கு முகம் இல்லை, இரும்புதான் இருந்தது.

"அப்பா" என்று எழுதினான்.

"உன் தங்கைக்குப் பொரி எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஹட்டன் கோயிலில். வர வேண்டும்."

"சுதாவும் வருவா."

"முறை கேட்டார்கள், இத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். ஒன்றை இரண்டு தடவை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை."

பச்சை அங்கி குனிந்து என் காலைத் தொட்டது. சேறும் கந்தலுமாக இருந்த அந்தக் காலை. "வந்துடறோம் மாமா. மொத நாளே வர்றோம்" என்று எழுதினாள்.

"மாமா, கல்யாணத்துக்கு எங்களையும் கூப்பிடுங்க. கோட்டு இல்லாட்டி நாங்க தர்றோம்!" என்று உள்ளேயிருந்து எவனோ கத்தினான். மறுபடி சிரிப்பு ஓடத் தொடங்கியது.

மூடியைச் சாத்தினேன். ஜெயந்தினி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். மீனம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, "என்ன சொல்லி உள்ள விட்டாங்க?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும் என்று நிற்கிறாள்.

நான் குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். கழுவக் கழுவ அந்தச் சேற்றின் நினைப்புப் போகவில்லை. வெளியே அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"மேல் அறையைக் கூட்டிப் பாய் விரித்து வை" என்றேன். "முதல் நாளே வருகிறார்களாம்."