ஏறி வராத லோரி

நூற்று அறுபது வெள்ளி. தங்கராஜு அண்ணனுக்கு நான் தர வேண்டிய பாக்கி அவ்வளவுதான். பிரிஞ்சாங் டவுனில் கல்யாண பேண்டு வைத்திருக்கும் அவர், தோளில் மாட்டி உடம்பைச் சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளைக் குழலான சூசபோனை எனக்குத் தவணைக்குத் தந்திருந்தார். கல்யாணங்களில் ஊதி ஊதிக் கழித்துக்கொண்டு வந்தேன். பாக்கி முடியப்போகிற நேரம் பார்த்து மூன்றாவது வால்வு இறுகிக்கொண்டது. பாட்டுக்கு அடியில் கனத்து ஒலிக்கும் அடிச்சத்தமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாப்பிள்ளை ஊர்வலம். அதில் அடிச்சத்தம் வராவிட்டால் குழலை வாங்கி ஈப்போக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அவர் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம், சரிவெல்லாம் கொழுந்து மூட்டை தூக்கிவிட்டு வந்து, குளிக்கத் தெம்பில்லாமல் குழலை மாட்டினேன். உதடு சொன்ன பேச்சைக் கேட்காமல் தொளதொளவென்று கிடந்தது. எந்த வால்வையும் அழுத்தாமல் சும்மா ஊதினேன். பழைய அடிச்சத்தத்துக்கும் கீழே, அந்தக் குழலில் நான் கேட்டே இராத ஒன்று கிளம்பியது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. அடுப்படியில் இருந்த என் மனைவி திலகம் வாசலுக்குப் போய், இந்நேரத்தில் என்ன லோரி என்று எட்டிப் பார்த்தாள்.

முக்கி ஊதினால் அது ஓடிப்போகும். உதட்டைத் தளரவிட்டு, வயிற்றிலிருந்து காற்றை நிறைய அனுப்பினால் நிற்கும். மிச்ச வால்வுகளை அழுத்த, இன்னும் இறங்கியது.

ஞாயிறு மதியம் அண்ணனிடம் ஊதிக் காட்டினேன். முகம் சுளித்தார்.

“கள்ளச் சத்தம்லா ராமையா. இந்தக் கொழல்ல இப்படி ஒரு நோட்டே கெடையாது. இன்னிக்கி மட்டும் ஊதிட்டு, கொழல வேன்ல வச்சிட்டுப் போயிரு.”

கடைசி ஊதல்தானே என்று மனம் விட்டு ஊதினேன். கோயிலுக்கு ஏறும் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். சுமையோடு ஏறி வரும் லோரிக்கு, இறங்குகிறவன் ரிவர்ஸில் போய் வழிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பாதி மேட்டில் பனிமூட்டம் இறங்கி, முன்னால் போன மாப்பிள்ளையின் தலைப்பாகைகூடத் தெரியவில்லை. மேலே எங்கோ ரிவர்ஸ் மணி பீப் பீப் என்றது. நாங்கள் ஏற ஏற அதுவும் தள்ளித் தள்ளிப் போனது.

கோயில் வாசலில் ஒரு காய்கறி லோரி புல்லில் ஒதுங்கி நின்றது. அதை ஓட்டி வந்த கோலா தெர்லா ஊர்க்காரன் தர்மா தலையை நீட்டி, எங்களுக்குப் பின்னால் பாதையைத் தேடினான்.

“பின்னால ஏறி வந்த லோரி எங்கண்ணே? அதுக்காக இங்க வரைக்கும் ரிவர்ஸ்லயே வந்தேன்.”

முதலில் மாப்பிள்ளைதான் திரும்பி என் குழலைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும். அண்ணன் ட்ரம்பெட்டை வாயில் வைத்தார். சிரிப்பில் காற்றுதான் வந்தது. கடைசிப் பாட்டை டிரம்காரன் தனியாக முடித்தான்.

சொன்னபடி குழலை வேனில் வைக்கப் போனேன். அண்ணன் கையைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். பாக்கி என்ன ஆவது என்று கேட்டேன்.

“அத அந்த லோரியில ஏத்தி விட்டாச்சுலா.”