பேர் வெட்டிய படம்

திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்த வருஷம் எனக்குக் கிட்டத்தட்ட எல்லாப் பாடமும் பிடித்திருந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 1936 அது. எங்கள் ஊரிலிருந்து நாலு மைல் நடந்து போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான்.

கணக்கில் ஒரு நிம்மதி இருந்தது. விடை சரி என்றால் சரி. அதைச் சொல்பவன் எந்த ஊர், எந்தச் சாதி என்று அது கேட்பதில்லை. எழுவாயும் பயனிலையும் எங்கள் வீட்டுப் பேச்சுக்குள்ளும் இருக்கின்றன என்று தெரிந்த அன்று, ஆத்தா என்னைத் திட்டிய வசவுகளை நோட்டில் எழுதிப் பிரித்துப் பார்த்துச் சிரித்தேன். சயன்ஸ் வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிஷம் பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் கட்டைவிரலைப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் ரேகை போல இன்னொருவருக்கு இருக்காது என்று வாத்தியார் சொன்னதும் மற்றப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் ஊரில் அது ஆடு மேய்ப்பவனுக்கும் தெரிந்த விஷயம். எங்கள் சாதியையே குற்றப் பரம்பரை என்று சர்க்கார் எழுதி வைத்திருந்தது. பட்டியலில் பேர் ஏறியவன் போலீஸ் கச்சேரிக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். அதன்பிறகு ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் சிக்கினால் ஜெயில்.

சரித்திரம் மட்டும் எனக்கு ஆகாது. புத்தகத்தில் ஓரிடத்தில் எங்களைப் பற்றி இரண்டு வரி இருந்தது. அந்தப் பக்கம் வரப்போகிற அன்று வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். போனேன். சரித்திரமும் பூகோளமும் எடுத்தவர் பேச்சிமுத்து சார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வாசித்து வந்தார். அந்த இரண்டு வரியை மட்டும் வாசிக்காமல் தாண்டிப் போனார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்ன சொன்னாலும் செய்வேன் என்று ஆகிவிட்டது.

தை மாசம் அவர் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொருவரும் அவரவர் ஊரைப் படமாகப் போட்டு வர வேண்டும்.

"அட்லாஸ்ல லண்டன் இருக்கு, மதுரை இருக்கு. உங்க ஊரு இல்ல. அதை நீங்கதான்டா போடணும்" என்றார்.

மூன்று வாரம் அந்தப் படத்தோடு கிடந்தேன். தெருத்தெருவாக அடி வைத்து அளந்தேன். இருநூறு அடிக்கு ஒரு அங்குலம் என்று கணக்குப் போட்டுச் சுருக்கினேன். மலையின் உயரத்தைக் கம்பு நட்டு, நிழலை அளந்து, முக்கோணம் போட்டுக் கண்டுபிடித்தேன். தனித்தனியாகப் படித்த பாடங்களெல்லாம் ஒரே காகிதத்தில் வந்து சேர்ந்தன. படிப்பு என்பது இதற்குத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஊருக்குள் இருப்பதை நானே போட்டுவிட்டேன். மலை எனக்குத் தெரியாது. அதை என் அண்ணன் பேயாண்டி காட்டினான். அப்பா செத்தபிறகு ஏர் பிடித்து என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கப் போனபோது, கூடையில் கத்தரிக்காயோடு பேச்சிமுத்து சார் வீட்டு வாசலில் ஒரு காலைப் பொழுது முழுக்க நின்றவனும் அவன்தான்.

"இந்தப் பாதையில ஆடு ஏறும், ஆளு ஏறுறது கஷ்டம்" என்று மலையின் பின்பக்கத்தைக் காட்டினான். "இங்கன ஒரு ஊத்து இருக்கு. சித்திரையிலயும் வத்தாது. வேத்து ஊருக்காரன் ஒருத்தனுக்கும் தெரியாது."

"இதையும் போடட்டுமாண்ணே?"

"போடு, போடு. நம்ம ஊருதானே. ஒண்ணுவிடாமப் போடு."

மலைக்குப் பச்சை, ஓடைக்கு நீலம், ஆட்டுப்பாதைக்குச் சிவப்பில் புள்ளி. ஊற்றுக்கு ஒரு சின்ன வட்டம். கீழே என் பேர்: மூ. நல்லகாமன், நாலாம் பாரம். பேச்சிமுத்து சார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்து வகுப்பு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவரில் மாட்டினார்.

பங்குனியில் அண்ணன் பேர் பட்டியலில் ஏறியது. அவன் மேல் ஒரு வழக்கும் கிடையாது. வயது இருந்தது, சாதி இருந்தது, அது போதும். தண்டோராப் போட்டு, ரேகை வைக்க வரச் சொன்னார்கள்.

"களவாண்டவன் வைக்கட்டும். நான் எதுக்கு வைக்கணும்?" என்று சொல்லிவிட்டு அண்ணன் மலைக்குப் போய்விட்டான்.

ஊர்க்காரர்கள் மலையின் முன்பக்கத்துப் பாதையில் ஆள் வைத்திருந்தார்கள். போலீஸ் இரண்டு தரம் வந்து வெறுங்கையோடு திரும்பியது. சனிக்கிழமைதோறும் நான் கம்பங்கூழ் எடுத்துக்கொண்டு போவேன். பாடத்தில் மனசு நிற்கவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு பேச்சிமுத்து சார் என்னை நிறுத்தினார்.

"ஏன்டா, ஒரு மாதிரியா இருக்கே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் கூட அப்படி அழுததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாப்பாடு?"

"நான்தான் சார் கொண்டுபோறேன்."

"அம்புட்டு மேலேயா ஏறுற? தண்ணிக்கு என்ன செய்யிறான்?"

"ஊத்துக்கிட்டதான் சார் இருக்கான்."

தோளில் தட்டிக் கொடுத்தார். "கவலப்படாதே, பரீட்சைக்குப் படி" என்றார். மனசு லேசாகி வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமை உச்சிவெயிலில் அண்ணன் கூழைக் குடித்துக்கொண்டிருந்தான். பின்பக்கத்தில் கல் உருளும் சத்தம் கேட்டது. ஆடு என்றுதான் இருவரும் நினைத்தோம். ஆறு போலீஸ்காரர்கள் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். அண்ணன் எழுந்திருப்பதற்குள் இரண்டு பேர் அவன் மேல் விழுந்தார்கள். கூழ்ச்சட்டி உடைந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பாறையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். கையில் நாலாக மடித்த காகிதம். அதை விரித்து, ஊற்றைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்குய்யா. சர்வே ஆபீசுல கூட இப்படிப் போட மாட்டான்" என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

பச்சை மலை. சிவப்புப் புள்ளிகள். என் எழுத்து. பேர் இருந்த அடிப்பாகம் மட்டும் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது.

அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் அந்தக் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. "பயப்படாதடா, வீட்டுக்குப் போ. ஆத்தாகிட்ட மெதுவாச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே கை விலங்கோடு போனான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் போய் நின்றேன். சுவரில் படம் இருந்த இடத்தில் நாலு ஆணி இருந்தது. பேச்சிமுத்து சார் என்னைக் கண்டதும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"ஏன் சார் குடுத்தீங்க?"

"அவங்க பள்ளிக்கூடத்துக்கே வந்துட்டாங்கடா. சுவத்துல கண்ணு முன்னாடி இருக்கு. இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"படம் சுவத்துல இருந்துச்சு சார். அண்ணன் ஊத்துக்கிட்ட இருந்தது சுவத்துல இல்லையே."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவில்லை.

"நான் சர்க்கார் சம்பளம் வாங்குறவன். நாளைக்கு உங்க ஊருலயே தண்டனை போலீஸ் போட்டு, அந்தச் செலவையும் ஊர் தலையில கட்டினா என்ன செய்வே? ஒருத்தன் போறதோட முடிஞ்சுது." சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "உன் பேரை வெட்டிட்டுத்தான்டா குடுத்தேன். உனக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு."

அதை ஒரு உதவியாகத்தான் அவர் சொன்னார். அவர் முகத்தில் பொய் இல்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் நன்றி சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்து நின்ற மாதிரி இருந்ததுதான் தாங்கவில்லை. புத்தகத்தில் இரண்டு வரியைத் தாண்டிப் போனதும் இப்படித்தானோ என்று அப்போது தோன்றியது. வரி அங்கேயேதான் இருந்தது, வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனுக்கு ஒரு வருஷம் போட்டார்கள். தீர்ப்புக் காகிதம் இங்கிலீஷில் இருந்தது. ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான்தான் என்று என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்து மாணவன் ஒருவன் வரைந்த படத்தின் உதவியால் ஆள் பிடிபட்டான் என்று அதில் ஒரு வரி இருந்தது. வாசித்துக்கொண்டே வந்தவன் நின்றேன். தாண்டிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆத்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். அந்த மாணவன் நான்தான் என்றும் சொன்னேன்.

ஒருவரும் என்னை அடிக்கவில்லை. ஆத்தா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்று சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

மதுரை ஜெயிலுக்கு மனுப் போட்டு அண்ணனைப் பார்க்கப் போனோம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனிடமும் சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை.

"வாத்தியாரா? பேச்சிமுத்து வாத்தியாரா?" என்று மூன்று தரம் கேட்டான். நான் செய்ததைவிட அதைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. "அவுக வீட்டு வாசல்ல நின்னேனேடா" என்றான்.

"அவருகிட்ட நான்தாண்ணே சொன்னேன். நீ எங்க இருக்கேன்னு."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். அடுத்த மாதம் நாங்கள் போனபோது, ஆத்தாவை மட்டும் வரச் சொன்னான்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போகவில்லை. மதுரையில் ஒரு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். பூகோளத்தில் நல்ல மார்க்குதான். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. எந்த வாத்தியாரிடமும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் ரொம்ப அன்பாக இருந்தார். அவர் தோளில் கை வைத்தால் நான் நகர்ந்துகொள்வேன். அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம்.

அண்ணன் வெளியே வரும்போது பத்து விரல் ரேகையும் எடுத்துத்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து பழையபடி ஏர் பிடித்தான். விடுமுறைக்கு நான் போனால் பேசுவான். மழையைப் பற்றிப் பேசுவான், மாட்டைப் பற்றிப் பேசுவான். "நல்லாப் படிக்கிறியா?" என்பான். என் தட்டில் கறியை எடுத்து வைப்பான். என்னை வெறுத்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒருநாள் விடியற்காலையில் அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணே போற?"

அவன் நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இங்கனதான்" என்று சொல்லிவிட்டு நடந்தான். ஓடைப் பக்கம் போனான். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவன் நின்று, நான் இன்னும் வாசலில் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பினான்.