சுருண்டுபோன நாற்பத்தாறு நாற்றுகள்

சைபீரியாவில், எங்கள் பர்னாவுல் நகரத்தில் மார்ச் மாதம் என்றால் வெளியே முழங்கால் வரை பனி. வீட்டுக்குள் ஜன்னலைத் திறக்கும் உரிமை எனக்குப் போய்விடும். சமையலறையிலும் படுக்கையறையிலும் ஜன்னல் விளிம்பு முழுக்க என் மனைவி ஃபாயினாவின் குடைமிளகாய் நாற்றுகள். தயிர் கப்புக்கு ஒன்றாக, நாற்பத்தாறு. மேலே வெயிலுக்குப் பதிலாக ஊதா விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பிப்ரவரியில் விதைத்தாள். இரண்டு இலை விட்டதும் மார்ச் தொடக்கத்தில் கப்புகளுக்கு மாற்றினாள். அதற்கான மண்ணை நான்தான் கலந்து கொடுத்தேன். பத்தாம் நாள் கோளாறு தொடங்கியது. நுனி இலைகள் விரியவே இல்லை. ஓரங்கள் உள்ளே மடிந்து கரண்டிபோல் குழிந்தன. தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது.

"எல்லாம் உன்னாலதான் வேனியா. பால்கனிக் கதவைத் திறந்து வச்சுட்டு சிகரெட் பிடிக்கிற. குளிர் அடிச்சுருச்சு."

"நான் கதவைச் சாத்திட்டுத்தானே பிடிக்கிறேன்!"

"அப்ப புகை அடிச்சுருச்சு."

முப்பத்தோரு வருடம் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்களைப் பழுது பார்த்தவன் நான். கோளாறு எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் வண்டி ஒருநாளும் ஓடாது. அதைச் சொன்னேன். "இது வண்டி இல்ல, உயிர்" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஜன்னல் விளிம்பின் குளிர் வேரில் ஏறுகிறது என்று கப்புகளுக்கு அடியில் நுரைப்பலகை வைத்தாள். வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் அனல் நாற்றைக் காயவைக்கிறது என்று அதன்மேல் ஈரத்துண்டு போட்டாள். பூதக்கண்ணாடி பிடித்து ஒவ்வொரு இலையாகப் புரட்டினாள். செடிப்பேனும் இல்லை, பூச்சியும் இல்லை. தண்ணீரைக் குறைத்தாள், பிறகு கூட்டினாள். ரொட்டிக் கடையில் ஒருத்தி சொன்னாள் என்று சாம்பல் தூவினாள். இன்னொருத்தி சொன்னாள் என்று பாலில் அயோடின் சொட்டு விட்டுத் தெளித்தாள். படுக்கையறை முழுக்கப் புளித்த பால் நாற்றம். இலை மட்டும் நிமிரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ரிம்மா பாவ்லோவ்னா. கையில் கப். அதில் அதே மாதிரி முறுக்கிக்கொண்ட நாற்று.

"பாருங்க ஃபாயினா மிகைலோவ்னா! உங்க வீட்டு நோய் காத்துக் குழாய் வழியா எங்க வீட்டுக்கு இறங்கிருச்சு!"

"என் வீட்டு நோயா? போன வருஷம் உங்க தக்காளியிலிருந்து வெள்ளை ஈ மேல ஏறி வந்துச்சே, அப்ப நான் வந்து கதவைத் தட்டினேனா?"

"ஈ பறக்கும். அதுக்கு நான் என்ன பண்றது?"

அரைமணி நேரம் வாசலிலேயே நடந்தது. நான் அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கப்பில் இருந்தது நான் கொடுத்த மண். மீந்துபோனதை ஒரு வாளியில் அள்ளி நான்தான் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். இலையுதிர்காலத்தில் பழைய நண்பன் ஸகாரின் லாயத்திலிருந்து ஐந்து மூட்டை மக்கிய குதிரைச் சாணம் கொண்டுவந்தேன். இரண்டு மூட்டை இந்த மண்ணுக்குப் போயிற்று. மீதி மூன்று, ஊருக்கு வெளியே உள்ள எங்கள் தோட்டத்துக்கென்று பால்கனியில் உறைந்து கிடந்தன.

சொல்வதற்கு முன் எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். இரண்டு கப் எடுத்தேன். ஒன்றில் கடையில் வாங்கிய வெறும் மண், இன்னொன்றில் என் சாண மண். இரண்டிலும் மும்மூன்று பீன்ஸ் விதை போட்டேன். ஃபாயினா முறைத்தாள்.

"இங்க நாத்தெல்லாம் செத்துக்கிட்டிருக்கு, நீ பீன்ஸ் போடுறியா?"

பதினைந்து நாள். அதற்குள் அவள் என்னை இரண்டு முறை பால்கனியை விட்டே விரட்டினாள். கடை மண்ணில் பீன்ஸ் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டது. என் மண்ணில் மூன்றும் கூனிக் குறுகி நின்றன. இலை கரண்டிபோல் குழிந்திருந்தது.

ஸகாருக்குப் போன் செய்தேன்.

"குதிரைக்கு வைக்கோல் எங்க வாங்கின?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். நல்ல வைக்கோல். ஒரு முள்ளுச்செடி கிடையாது."

"ஏன் கிடையாது?"

"களைக்கு மருந்து அடிச்சிருப்பாங்க. ஏன், குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே!"

குதிரைக்கு ஒன்றும் ஆகாது. களைக்கொல்லி அதன் வயிற்றைக் கடந்து சாணத்தில் வந்து, மக்கிய பிறகும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு பீன்ஸ் கப்பையும் மேசையில் ஃபாயினா முன்னால் வைத்துச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சுருண்ட இலையை விரலால் நிமிர்த்தினாள். விட்டதும் அது திரும்பச் சுருண்டது.

"ஒரு மாசமா அயோடின் ஊத்தினேன்," என்றாள். "நீ கொண்டாந்த விஷத்துக்கு."

"தெரியாமப் போச்சு ஃபாயா."

"தெரியாதுன்னா பால்கனியில நின்னு புகைதானே விட்டிருக்கணும். எதுக்கு மண்ணைத் தொட்ட?"

கீழே போய் ரிம்மா பாவ்லோவ்னாவிடமும் நானே சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப காத்துக் குழாய் இல்லையா?" என்றார். அதுதான் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது போல. அடுத்த நாள் வாளி மண்ணை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் நாற்பத்தாறு வேர்களையும் வெதுவெதுப்பான நீரில் கழுவிக் கடை மண்ணுக்கு மாற்றினோம். மூன்று மூட்டைகளையும் வாளி மண்ணையும் நான் ஒருவனாகப் படியில் இறக்கிக் குப்பைத் தொட்டிக்குச் சுமந்தேன். ஃபாயினா மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், உதவிக்கு வரவில்லை. பத்தொன்பது நாற்றுகள் நேரான இலை விட்டன. மற்றவை அப்படியே நின்று அழுகின.

ஜூனில் பத்தொன்பதையும் தோட்டத்தில் நட்டோம். வளர்ச்சி ஒரு மாதம் பின்தங்கிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் இரவுக் குளிர் இறங்கியபோது ஒரு காய்கூடச் சிவக்கவில்லை. பச்சையாகவே பறித்து, அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைத்தாள். தோல் கசந்தது.

"கசக்குது," என்றேன்.

"தின்னு," என்றாள்.