பலகையில் பேர் உள்ள வரை

1

ஒரு பலகைதான் இந்தக் கதையைத் தொடக்கிவைத்தது. அறுபத்தொன்பதில் பேருந்தில் காரைக்குடிக்குள் நுழையும்போது பார்த்தேன்: "எஸ்.எஸ்.எல்.சி.யில் ஜில்லாவில் முதலாவதாகத் தேறிய செல்வி பூ. நாகவல்லியின் ஊர் தங்களை வரவேற்கிறது." பேருந்து போய்விட்டது. அந்தப் பெண் என் மண்டையை விட்டுப் போகவில்லை. இனி வருவதெல்லாம் கற்பனை, பழி என்னுடையது.

முதலில் இப்படி எழுதினேன்: "பெருமை பொங்க நாகவல்லி அந்தப் பலகையை நிமிர்ந்து"

இல்லை. தன் பெயரை நடுரோட்டில் பார்க்கும் பெண் எங்கே நிமிர்வாள்? கூச்சத்தில் எட்டி நடைபோடுவாள்.

2

ஊருக்குள் வரும் மூன்று சாலைகளிலும் நகராட்சி அந்தப் பலகையை வைத்திருந்தது. அடுத்து இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று ஜில்லாவில் முதலாவதாக வந்தால்தான் பெயர் மாறும்.

நாகவல்லியின் அப்பா பூமிநாதன் ஆசாரி, தச்சர். அவருடைய அக்கா பொன்னழகு ஒக்கூரிலிருந்து தன் மகன் முத்தப்பனுக்குப் பெண் கேட்டு வந்தாள். முறைப்பெண். அக்கா கேட்டு இல்லையென்று சொல்லிப் பழகாத தம்பி அவர். மகளோ காலேஜுக்குப் போகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

(முத்தப்பனைக் குடிகாரனாக்கினால் என் வேலை சுலபம். அவன் நல்ல பையன், என்ன செய்வது?)

"புள்ள பேரு ஊரு வாசல்ல நிக்கிது. இப்பப் போயிப் படிப்ப நிப்பாட்டிக் கட்டிக் குடுத்தா நாலு பேரு காறித் துப்ப மாட்டாகளா? கோவிச்சுக்காதீகக்கா. அதுல வேற பேரு ஏறட்டும், தட்டு மாத்திக்குவோம்."

"சொல்லு மாற மாட்டியே தம்பி?"

"உளி மேல கைவச்சுச் சொல்றேன்."

ஆசாரி உளியைத் தொட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. இன்னொரு பிள்ளை முதலாவதாக வருவதற்குள் மகள் பி.ஏ. முடித்துவிடுவாள் என்று மனுசர் உள்ளூரச் சிரித்துக்கொண்டார். இளைய மகள் அழகி அடுத்த வருஷம் அதே பரீட்சை எழுதுவாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

3

நாகவல்லி காலேஜில் சேர்ந்தாள். அழகிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

இந்த இடத்தில் அவள்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. "வேண்டுமென்றே அந்தக் கணக்கைத் தப்பாக" என்று தொடங்கினேன். பேனா நகரவில்லை. தங்கை ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் முதலில் இவளுக்குச் சந்தோஷம்தான் வரும். பயம் அதற்குப் பிறகு, படுக்கப் போகும்போது வரும்.

அழகியும் விவரம் தெரிந்தவள்.

"யக்கா, நான் வேணும்னா ரெண்டு கணக்க விட்டுட்டு வந்துரட்டுமா?"

"வாயக் கிழிச்சுப்புடுவேன். ஒன் மார்க்கத் தின்னுட்டு நான் படிக்கவா? ஒழுங்கா எழுதிட்டு வா."

சொல்லிவிட்டுப் புழக்கடைக்குப் போய் அழுதாள்.

4

முடிவு ஒன்று: அழகி இரண்டாவதாக வருகிறாள். எல்லோருக்கும் நிம்மதி, அழகியைத் தவிர. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அத்தை மனம் மாறி... பொன்னழகையா? நான் சொல்லியா மாறுவாள்!

முடிவு மூன்று: அழகிதான் முதல். அவள் எழுதிய நேர்த்திக்கு வேறு எதுவும் நியாயமில்லை.

பெயிண்டர் சத்தியமூர்த்தி இரண்டு பலகைகளில் பெயரை மாற்றிவிட்டு, குன்றக்குடிச் சாலைப் பலகையில் ஏணி சாத்துகிறார். நாகவல்லி ஓடிவருகிறாள். அவளுக்கு முன்பே அப்பா அங்கே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏன் ஆசாரியாரே, சின்ன மக பேரத்தானே எழுதப் போறேன்? மொகத்த இப்புடி வச்சிருக்கீக?"

"சந்தோசந்தான்யா. செத்த இரு. இந்த ஒண்ணு மட்டும் நாளைக்கு..."

"எழுதுங்கண்ணே," என்கிறாள் நாகவல்லி. "எந்தங்கச்சி பேரு. நல்லாப் பெருசா எழுதுங்க."

பிறகு அப்பாவிடம் திரும்புகிறாள். "அத்தைக்கு வாக்குக் குடுத்தீக. உளியத் தொட்டுச் சொன்னீக. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளாப்பா?"

ஆசாரியின் உதடு அசைகிறது. அவருக்குப் பல பதில்கள் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. உங்களுக்கு இருந்தால் நீங்களே சொல்லுங்கள். என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்.