தச்சர் கட்டிய பியூஸ்

மின்சாரம் தச்சருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் நாலு பேர் கூடினால் அந்த அரைகுறையைத்தான் முன்னால் நிறுத்திப் பேசுவார். பட்டறையில் அறுப்பு மெஷின் தடித்த மரத்தைக் கடித்தாலே பியூஸ் போகும். மெல்லிசுக் கம்பியை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர், அன்று காலை தடித்த செம்புக் கம்பியாய்ப் பார்த்து இறுக்கிக் கட்டினார்.

“இனி பேரன் காலத்துக்கும் போகாது,” என்றார்.

நாற்காலிக் காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “போக வேண்டியது போகலைன்னா வேற ஏதாவது போகுமேங்க.”

“உனக்கு என்ன தெரியும்?”

மத்தியானம் மரத்தின் கணுவில் வாள் சிக்கி நின்றது. மோட்டார் மட்டும் முனகிக்கொண்டே இருந்தது. பழைய கம்பியாக இருந்தால் அப்போதே உயிரை விட்டு மெஷினைக் காப்பாற்றியிருக்கும். தச்சர் கட்டிய கம்பி, கட்டியவரைப் போலவே, விட்டுக்கொடுக்கவில்லை. மோட்டாரிலிருந்து புகை வந்தது, பின்னாலேயே தீயும் வந்தது. கீழே கணுக்கால் அளவுக்கு மரத்தூள்.

தச்சர் தண்ணீர் வாளியைத் தூக்கினார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“கரண்டு ஓடுதுங்க. ஊத்தினா தீக்கு முன்னாடி நீங்க அணைஞ்சு போவீங்க. மெயினை நிறுத்துங்க.”

மெஷின் சுவிட்சும் பியூஸும் தீக்குப் பக்கத்திலேயே இருந்தன; மெயின் சுவிட்ச் பலகைகளுக்குப் பின்னால் இருந்தது. சுவர் சும்மா கிடக்கிறதே என்று ஆள் உயரத்துக்கு அடுக்கிவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தவரும் அவர்தான். இருவரும் பலகைகளை உருவி உருவி எறிந்தார்கள். மரத்தூளில் பொறி விழுந்து புகைந்தது.

“எதுக்கு இவ்வளவு நேர்த்தியா அடுக்கினீங்க?”

“வாயை மூடிக்கிட்டு இழு.”

கை எட்டியதும் தச்சர் மெயினைக் கீழே தள்ளினார். முனகல் நின்றது. தரை பூசி மிஞ்சிய மணல் மூட்டையை அவள் இழுத்து வர, இருவருமாய் அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். மோட்டார் போனது. பட்டறை தப்பியது.

சாயங்காலம் வந்த எலக்ட்ரீசியன் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தார்.

“யார் கட்டினது? இதுல மாட்டையே கட்டலாம்.”

தச்சர் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

“நான்தாண்ணே.”

“இதைத் தூக்கிட்டு டிரிப்பர் போட்டுடலாம். தப்பு நடந்தா தானா விழுந்துடும். நம்மளைக் கேட்காது.”

“அதையே போடுங்கண்ணே,” என்றாள் மனைவி. “இவரைக் கேட்காம இருக்கிறதே பெரிய பாதுகாப்பு.”

தச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பலகைகளை ஒவ்வொன்றாக எதிர்ச் சுவருக்குச் சுமக்க ஆரம்பித்தார்.